நான்கு நவம்பர்கள், ஒரு மேசைவிரிப்பு

எங்கள் வீட்டு உணவு மேசை 72 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் உடையது. அதற்காக 2021ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு விரிப்பைத் தைக்கத் தொடங்கினேன். நான்கு நவம்பர்கள் கடந்தும் அந்த வேலை முடியவில்லை; முடிந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் ஏற்பாடே. அமெரிக்காவில் நவம்பர் மாதத்தில் கொண்டாடும் நன்றி நவிலல் நாளன்று எங்கள் வீட்டில் சாப்பிட வருகிற ஒவ்வொருவரும் அந்தத் துணியில் ஓர் இலையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, அதற்குள் தம் பெயரையும், அந்த ஆண்டில் எதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறதோ அதை ஓரிரு சொற்களிலும் எழுதுவார்கள். பனிக்காலத்தில், மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடுகிற நாட்களில், நான் அந்தக் கையெழுத்துகளின் மேல் ஊசிநூல் ஓட்டி அவற்றை நிலைப்படுத்துவேன்.

இந்த யோசனை என்னுடையது அன்று. விருந்தாளிகள் கையெழுத்திட்ட விரிப்பை ஆண்டுதோறும் எடுத்து விரிக்கும் பழக்கம் அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. மாசசூசெட்ஸில் நாங்கள் குடியேறிய தெருவின் எதிர்வீட்டு மூதாட்டி, தம் வீட்டு விரிப்பை எங்களிடம் காட்டினார். அதில் ஒரு பேரனின் பெயர் நான்கு இடங்களில் நான்கு விதமான எழுத்தில் இருந்தது. முதலாவதில் ஓர் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது. பேனாவால் எழுதியதைத் தையலால் மூடாவிட்டால் பத்துச் சலவைக்குள் மங்கிவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

துணி வாங்குவதற்கு முன் கணக்குப் போட வேண்டியிருந்தது. மேசையின் நான்கு புறமும் 10 அங்குலம் தொங்க வேண்டுமானால், விரிப்பு 92க்கு 56 அங்குலம் இருக்க வேண்டும். ஓரத்தை அரை அங்குலம் வீதம் இருமுறை மடித்துத் தைக்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அங்குலம் கூடுதலாகத் தேவை. ஆகவே 94க்கு 58. பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று பங்கேனும் சுருங்கும் என்று எடுத்துக்கொண்டு, 60 அங்குலப் பன்னா உள்ள வெளுக்காத கோராத் துணியில் இரண்டே முக்கால் கெஜம், அதாவது 99 அங்குலம், வாங்கினேன். வெந்நீரில் துவைத்து உலர்த்தியபின் அகலம் 58 அங்குலத்துக்கு ஒரு நூல் கூடுதலாக நின்றது. துவைக்காமல் தைத்திருந்தால், பின்னாளில் துணி மட்டும் சுருங்கி, அதன்மேல் உள்ள நூல் சுருங்காமல், ஒவ்வோர் இலையைச் சுற்றிலும் துணி கொசகொசவென்று இழுத்துக்கொண்டிருக்கும்.

துணியில் என்ன உருவத்தைப் போடுவது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. அப்போது எட்டு வயதான என் மகள், கடைகளில் பார்த்த கறுப்புத் தொப்பிக் குடியேறிகளையும், இறகுக் கிரீடம் அணிந்த பூர்வகுடிகளையும் வரையலாம் என்றாள். அந்த நாளின் தொடக்கக் கதை நடந்த இடமாகச் சொல்லப்படும் பிளிமத் நகரம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே போய் வந்தோம். 1621ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அங்கு நடந்த விருந்தைப் பற்றி குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இருப்பது சில வரிகளே: வாம்பனோக் என்னும் பூர்வகுடியின் தலைவர் மசாசோயிட்டும் அவருடன் வந்த அம்மக்கள் தொண்ணூறு பேரும் மூன்று நாட்கள் உடன் இருந்தனர், ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தனர், குடியேறிகள் பறவைகளைப் பிடித்துவந்தனர். படங்களில் வருகிற நீண்ட இறகுக் கிரீடம் சமவெளிப் பகுதிப் பூர்வகுடிகளுக்கு உரியது. வாம்பனோக் மக்களுடையது அன்று. கோல்ஸ் ஹில் என்னும் சிறு குன்றின்மேல் மசாசோயிட்டின் சிலை நிற்கிறது. 1970ஆம் ஆண்டு தொடங்கி, ஒவ்வொரு நன்றி நவிலல் நாளன்றும் பூர்வகுடியினர் அங்கே கூடி அதைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள் என்பதை அங்குள்ள பலகையில் மகளே வாய்விட்டுப் படித்தாள். நவம்பரின் கடைசி வியாழனை லிங்கன் அறிவித்தது 1863இல். நான்காம் வியாழன் என்று சட்டம் உறுதிசெய்தது 1941இல். அந்த நாளுக்கும் இந்தக் குன்றுக்கும் இடையே இருக்கிற கணக்கை ஒரு தொப்பியும் ஒரு கிரீடமும் வரைந்து தீர்த்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது. காரில் திரும்பி வரும்போது மகள் தானாகவே, "இலை மட்டும் போதும்ப்பா" என்றாள்.

இலை என்று முடிவானதும் ஒரு பிழை செய்தோம். பண்டிகைக்கான வேலையைப் பண்டிகை வாரத்தில் செய்வது நம் பழக்கம். ஆனால் இங்கே சர்க்கரை மேப்பிள் மரங்கள் அக்டோபர் நடுவில் சிவந்து, நவம்பர் தொடக்கத்திலேயே மொட்டையாகிவிடுகின்றன. அந்த முதல் ஆண்டில் நவம்பர் 20ஆம் தேதி இலை பொறுக்கப் போனபோது, தரையில் கிடந்தவை மழையில் ஊறிக் கறுத்திருந்தன. காய்ந்த பிறகும் உதிராமல் கிளையைப் பற்றிக்கொண்டிருக்கும் ஓக், பீச் (beech) மர இலைகள் மட்டுமே கிடைத்தன. அதனால் 2021ஆம் ஆண்டின் ஒன்பது இலைகளும் ஓக், பீச் இலைகளே. நூலும் பழுப்பு நிறமே.

அடுத்த ஆண்டிலிருந்து அக்டோபர் இரண்டாம் வாரத்திலேயே பொறுக்கிவிடுகிறோம். ஈரம் துடைத்த இலைகளைச் செய்தித்தாள்களுக்கு இடையில் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, இரண்டாம் நாள் தாளை மாற்றி, ஒரு வாரம் வைத்தால் போதும். தாளை மாற்றாவிட்டால் இலை விட்ட ஈரத்தை இலையே திரும்பக் குடித்துப் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். உலர்ந்த இலையைத் துணிமேல் நேரடியாக வைத்து வரைய முயன்றால், பென்சில் முனை பட்டு அதன் நுனிகள் ஒடியும். ஆகவே ஒவ்வோர் இலையையும் ஒரே ஒரு முறை, தானியப் பெட்டி அட்டையின்மேல் வைத்து வரைந்து, அட்டையை வெட்டி அச்சாக வைத்துக்கொள்கிறோம். இப்போது பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் இருபத்திரண்டு அட்டை இலைகள் இருக்கின்றன. வருபவர்கள் அதைக் கிளறித் தமக்குப் பிடித்ததை எடுப்பதே விருந்தின் முதல் வேலையாக ஆகிவிட்டது.

அச்செடுத்து முடிந்த அசல் இலைகள் வாசல் தோரணத்துக்குப் போகின்றன. தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் உருகும். ஒரு பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, அதற்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரடித் தீயில் வைக்கவே கூடாது. காம்பைப் பிடித்து இலையை இரண்டு விநாடி முக்கி, உதறி, தொங்கவிட வேண்டும். மெழுகு ஆறிப்போயிருந்தால் இலையின்மேல் வெண்மையாகத் தடித்துப் படியும். சரியாக முக்கிய இலை, நிறம் மங்காமல் டிசம்பர் கடைசி வரை தாங்கும். மாவிலைத் தோரணம் கட்டுகிற அதே மடிப்பில் இவற்றைக் கட்டிப் பார்த்தோம். மெழுகு விரிசல் விட்டதால், காம்பில் சணல் நூலைச் சுற்றிக் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி பேனாக்களின் கதையைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில், சூடு பட்டால் மறையும் மை உள்ள பேனாவை வாங்கி வைத்திருந்தேன். தையல் முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் கோடுகள் மறைந்துவிடும் என்பது அதன் வசதி. நவம்பர் 25ஆம் தேதி ஒன்பது பேரும் மேசைமேல் விரித்திருந்த துணியில் வரைந்து எழுதி முடித்தார்கள், சாப்பாடு வந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய ரசப் பாத்திரத்தை ஒரு நண்பர் பிரிமணை இல்லாமல் அப்படியே மேசையில் வைத்தார். சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தை எடுத்தபோது, அதன் அடியில் இருந்த இரண்டு இலைகளும் இரண்டு பெயர்களும் இல்லை. அந்த மை ஏறத்தாழ 60 டிகிரியில் நிறம் இழக்கும். ரசத்துக்கு அது எம்மாத்திரம்.

அழிந்த இரண்டில் ஒன்று, அதை அழித்த நண்பரின் பெயரேதான். மறுபடி எழுதிவிடலாம் என்றார். இன்னொன்று அவருடைய நான்கு வயது மகனுடையது. அவன் அதற்குள் சோபாவில் தூங்கிவிட்டிருந்தான். அந்த மையின் தன்மையைத் தேடிப் படித்தபோது, கடுங்குளிரில் நிறம் திரும்பும் என்று தெரிந்தது. துணியை மடித்து நெகிழிப் பையில் இட்டு, பட்டாணிப் பைகளை வெளியே எடுத்து இடம் செய்து, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரவு முழுவதும் வைத்தோம். காலையில் இரண்டு பெயர்களும், முன்பைவிடச் சற்று வெளிறிய நிறத்தில், அதே கோணலோடு திரும்பியிருந்தன. அன்றே உட்கார்ந்து அந்த இரண்டையும் தைத்து முடித்தேன். அடுத்த ஆண்டில் என் மகள் தன் இலைக்குள், உறைபெட்டிக்கு நன்றி என்றுதான் எழுதினாள். இதில் ஒரு பின்விளைவும் உண்டு: பிப்ரவரியில் ஒரு நாள் துணி இரவு முழுவதும் காரிலேயே தங்கிவிட்டபோது, நான் இஸ்திரி போட்டு மறைத்திருந்த எல்லாக் கோடுகளும் குளிரில் எழுந்து வந்து நின்றன.

2022இல் நீரில் கரையும் நீல மைக்கு மாறினேன். அதன் உறைமேலேயே, சூடு காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தது. சுருக்கம் எடுப்பதற்காக, அலசுவதற்கு முன்பே இஸ்திரி போட்டுவிட்டேன். நீலம் பழுப்பாகி மூன்று இலைகளில் நிலைத்துவிட்டது. எத்தனை முறை அலசியும் போகவில்லை. அந்த மூன்றுக்கும் மட்டும் நூலை மூன்று இழையாக எடுத்துச் சங்கிலித் தையல் போட்டு மூடினேன். 2023 முதல் சாதாரணப் பென்சில்தான். லேசாக எழுதச் சொன்னால் போதும். எழுத்தை நூல் மறைத்துவிடும், மிச்சம் சலவையில் பெரும்பாலும் போய்விடும். முதலிலேயே இதைச் செய்திருந்தால் இரண்டு பேனாக்களின் விலை மிஞ்சியிருக்கும்.

2022 நவம்பரில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். விரிப்பைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, எழுத்து மேல தட்டை வெச்சா சாப்பிடறீங்க? சரஸ்வதி இல்லையா அது? எச்சில் வேற படும்." நான் ஒரு பதிலும் சொல்லவில்லை, எனக்கும் சிறுவயதில் புத்தகத்தைக் காலால் மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பழக்கம் இன்னும் போகவில்லை. அவர் கேள்வி எழுப்பியதோடு நிற்காமல், தொங்குகிற பாகத்தில் எழுதலாமே என்று வழியும் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேசையின் சுற்றளவு 216 அங்குலம். 4 அங்குல இலைக்கு இடைவெளி சேர்த்து நாலரை அங்குலம் விட்டால், ஒரு வரிசைக்கு 48 இலைகள். 10 அங்குலத் தொங்கலில் இரண்டு வரிசைகள். ஆக 96 இடங்கள். ரசப் பாத்திரத்தின் தொல்லையும் அதோடு தீர்ந்தது. முதல் ஆண்டின் ஒன்பது இலைகள் மட்டும் மேசைப்பரப்பிலேயே இருக்கின்றன. அவற்றின்மேல் தட்டு வராதபடி, பூச்சாடியையும் பழக்கூடையையும் அம்மாதான் நகர்த்தி வைப்பார்.

தம் முறை வந்தபோது அம்மா பெயர் எழுதவில்லை. இலையைக்கூட எடுக்கவில்லை. தொங்கலின் மூலையில், எல்லா இலைகளுக்கும் முன்னால், ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுப் பென்சிலை வைத்துவிட்டார். ஒன்பது பேர் எழுதிய பிறகு சுழி போடுவதா என்று என் மனைவி சிரித்தாள். எதிர்வீட்டு மூதாட்டி அதைப் பார்த்து, இரண்டு என்ற எண்ணா என்று கேட்டார். தமிழ் எண்ணில் இரண்டும் உகரத்தைப் போலத்தான் இருக்கும் என்பதால், அவருக்கு அதை விளக்கி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

தையலை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அம்மாதான். திருமணத்துக்கு முன் தையல் வகுப்பில் படித்தவர். ஆறு இழை நூலைப் பிரித்து இரண்டு இழையாக எடுத்து, நேர்கோட்டுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் காம்புத் தையல் போட வேண்டும். வளைவு வந்தால் இரண்டு மில்லிமீட்டராகக் குறைத்துக்கொள்ள வேண்டும், நூல் எப்போதும் ஊசியின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலக் கூட்டெழுத்து இந்தத் தையலுக்கென்றே பிறந்ததுபோல் ஓடிவிடும். தமிழ் எழுத்து அப்படி இல்லை. ணகரத்தின் சுழிகளை ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் தைத்தால் அவை அடைபட்டு நூல் உருண்டைகளாகிவிடுகின்றன. ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் எழுதச் சொல்கிறோம். புள்ளிக்குப் பிரெஞ்சு முடிச்சு, இரண்டு சுற்று. ஓர் இலை முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது; பெயர் ஈகாரத்திலோ ஐகாரத்திலோ தொடங்கினால் இன்னும் அரை மணி.

கறைகளையும் பதிவு செய்துவிடுகிறேன். இங்கே இந்த விருந்தில் கிரான்பெர்ரிக் குழம்பு இல்லாமல் இருக்காது. எங்கள் மாநிலத்தின் தென்கிழக்கில் அதன் வயல்கள் உண்டு. 2023இல் ஒரு கரண்டி அளவு துணியில் கொட்டியபோது, அவசரத்தில் சோடா மாவைத் தூவினேன். சிவப்புக் கறை நீலமாக மாறியது. மேப்பிள் இலையைச் சிவக்கவைக்கிற ஆந்தோசயனின் வகை நிறமிதான் இந்தப் பழத்திலும் இருக்கிறது. அது புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரப் பொருளில் நீலம் பாரிக்கும். தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைப் பலமுறை ஒற்றி எடுத்துத் தணித்தேன். அதற்கு முந்திய ஆண்டில் சாம்பார் கொட்டியது. மனைவி சோப்பு போட்டதும் மஞ்சள் கறை குபீரென்று சிவந்தது. எல்லோரும் பதறியபோது அம்மா மட்டும், "ஆரத்தி கரைச்சிருக்கீங்க" என்றார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதுவும் ஒன்றேதான். நன்றாக அலசிய பின் சிவப்பு மறைந்து மஞ்சள் தங்கியது. தெற்குச் சன்னலில் காயப்போட்டதில் கொஞ்சம் வெளுத்தது, அடுத்த ஜூன் மாத வெயிலில் முற்றிலும் போனது. மஞ்சள் கறைக்கு வெயிலைப்போல் வேறொன்று இல்லை.

எழுதியவர் எழுதியபடியே தைக்க வேண்டும், திருத்தக் கூடாது என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. அதனால் 2021இல் என் மகள் எழுதிய இலையில் 'நண்றி' என்று ணகரம் பழுப்பு நூலில் உறுதியாக நிற்கிறது. அம்மா அதைப் பிரித்துவிடச் சொன்னார், நான் கேட்கவில்லை. 2024 நவம்பர் 28ஆம் தேதி பதின்மூன்று பேர் எழுதினார்கள். தொங்கலில் உள்ளவை இப்போது 35 இலைகள், இன்னும் 61 இடங்கள் மிச்சம். பதினொரு வயதாகிவிட்ட மகள், தன் பழைய இலையைப் பிரிக்க வேண்டும் என்று இந்த முறை தானே கேட்டாள். பழையது அப்படியே இருக்கட்டும், புதிய இலையில் சரியாக எழுதி நீயே தைத்துக்கொள் என்று உடன்பாட்டுக்கு வந்தோம். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளையத்தில் துணியை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் தலை நிமிராமல் நகரத்தையும் னகரத்தையும் தைத்தாள். முடித்ததைக் காட்ட எழுந்தபோது வளையம் மடியைவிட்டு வரவில்லை. னகரத்தின் இரண்டாம் சுழி, துணியோடு அவளுடைய பாவாடையையும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கத்தரிக்கோலை என்னிடம் கொடுக்காமல், தானே ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.